ஜெர்மன் வாக்கியத்தில் வினைச்சொல் எங்கே நிற்கும்?

சொற்களெல்லாம் தெரிந்திருந்தும் ஜெர்மனில் வாக்கியம் அமையவில்லை, தமிழர்களுக்கு இந்த மொழி ஒத்துவராதோ என்று கேட்டிருக்கிறீர்கள். ஒத்துவரும். ஜெர்மன் பேசும் இந்த நாட்டில் நெடுங்காலமாக வாழ்பவன் என்ற முறையில் நான் கவனித்தது இதுதான்: நம்மில் பலர் தமிழில் நினைத்ததை முதலில் ஆங்கிலத்தில் கோத்து, அந்த ஆங்கில வரிசையிலேயே ஜெர்மன் சொற்களை அடுக்கப் பார்க்கிறோம். சிக்கலில் பெரும்பகுதி அந்தச் சுற்றுவழியால் வருகிறது.

முதன்மை வாக்கியத்தில் மட்டும் தமிழ் உங்களுக்கு உதவாது. அங்கே எதைக் கொண்டு தொடங்கினாலும் வினை இரண்டாம் இடத்தில் நிற்க வேண்டும் என்பதால், ‘நாளை போகிறேன் நான் பெர்லினுக்கு’ என்பதுபோலச் சொல்லப் பழக வேண்டும். ‘முடியும்’, ‘வேண்டும்’ போன்ற துணைவினை வந்தால் அது இரண்டாம் இடத்தைப் பிடித்துக்கொள்ள, உண்மையான வினை கடைசிக்குப் போய்விடும். இதற்கு வாய்விட்டுச் சொல்லிப் பழகுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ‘தாஸ்’ (dass, ‘என்று’), ‘வைல்’ (weil, ‘ஏனென்றால்’) போன்ற இணைப்புச் சொற்களுக்குப் பின் வரும் துணை வாக்கியத்தில் வினை இறுதிக்கு நகர்ந்துவிடுகிறது. ‘தாஸ்’ என்பதற்குப் பின், ‘அவன் நேற்று ஒரு கடிதம் எழுதினான்’ என்பதை இதே வரிசையில் சொல்லலாம். ஆங்கிலம் வழியாக வருபவர்கள் தடுமாறும் இந்த இடத்தில், வினைக்காக வாக்கிய முடிவுவரை காத்திருந்தே வளர்ந்த நமக்குத் தடுமாற வேண்டிய அவசியமில்லை. அலுவலகக் கடிதங்களில் வரும் நீண்ட பெயரடைத் தொடர்களும், ‘நேற்று உங்களால் சமர்ப்பிக்கப்பட்ட விண்ணப்பம்’ என்ற நம் பெயரெச்ச அமைப்பைப் போலவே பெயருக்கு முன்னால் வந்து நிற்பவை. குளிர்கிறது என்பதைக்கூட அவர்கள் ‘எனக்கு’ என்றே தொடங்கி, ‘மியர் இஸ்ட் கால்ட்’ என்பார்கள். அங்கே ‘நான்’ என்று தொடங்குவது ஆங்கிலப் பழக்கமே. (ஜெர்மானியர்களே பேச்சில் ‘வைல்’ என்பதற்குப் பின் வினையை இரண்டாம் இடத்தில் வைப்பதுண்டு. தேர்வில் நீங்கள் அப்படி எழுத வேண்டாம்.)

உண்மையான கடினம் பெயர்ச்சொற்களின் ஆண்பால், பெண்பால் பாகுபாட்டில்தான் இருக்கிறது. தமிழில் பால் பொருளைப் பொறுத்தது. ஜெர்மனில் கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டும் அல்லாத அலிப்பால், சிறுமியைக் குறிக்கும் ‘மேட்ஷென்’ என்ற சொல்லும் அலிப்பால். வேற்றுமையை நாம் பெயரின் முடிவில் உருபாகச் சேர்க்கிறோம். அவர்கள் பெரும்பாலும் பெயருக்கு முன்னுள்ள ‘டேர்’ (der), ‘டீ’ (die), ‘டாஸ்’ (das) என்ற சுட்டில் காட்டுகிறார்கள். ஆகவே பால் தெரியாவிட்டால் வேற்றுமையும் தவறிவிடும். எந்தப் பெயர்ச்சொல்லையும் அதன் சுட்டோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். சுட்டில் பிழை இருந்தாலும் கேட்பவர் பெரும்பாலும் புரிந்துகொள்வார், ஆனால் வினை இடம் மாறினால் பின்தொடர அவருக்குச் சிரமமாகும் என்பதால், முதலில் வினையின் இடத்தைச் சரிசெய்யுங்கள். பெயரடை விகுதிகளைப் பி1 (B1) என்ற இடைநிலைத் தேர்ச்சி நெருங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.