பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் (வாசகர் கடிதம்)

அன்புள்ள அக்காவுக்கு,

நவம்பர் 20 அன்று ஃப்ரீடம் பார்க்கில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். தோழி ஒருத்தி கூப்பிட்டதால் நானும் வந்து ஓரமாக நின்றிருந்தேன். கொலையுண்ட திருநங்கைகளின் பெயர்களை வாசித்தபோது மனசு கனத்துப் போனது. ஆனாலும் சில கேள்விகள் விடமாட்டேன் என்கின்றன. அமெரிக்காவில் ஆரம்பித்த நாளை நாம் எதற்கு அனுசரிக்க வேண்டும்? கொலை என்றால் எல்லாம் கொலைதானே, இதை மட்டும் ஏன் தனியாகப் பிரிக்க வேண்டும்? மெழுகுவர்த்தி ஏற்றினால் என்ன மாறும்? சிக்னலில் மிரட்டிக் காசு வாங்குகிறார்களே, அதை யாரும் பேசுவதில்லையே என்று என் கணவர் கேட்கிறார்.

கடைசியாக ஒன்று. எங்கள் வீட்டு மாடி போர்ஷன் காலியாக இருக்கிறது. கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் ஒரு திருநங்கை வந்து கேட்டார். தர்மபுரிப் பக்கம், நம் பாஷைதான். மாமியார் ‘வேற ஆளுக்குச் சொல்லியாச்சும்மா’ என்று அனுப்பிவிட்டார். யாருக்கும் சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. கன்னடப் பள்ளியில் படித்தவள் நான், தமிழ் வீட்டில் கற்றது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

பெயர் வெளியிட வேண்டாம்
லிங்கராஜபுரம், பெங்களூரு

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தமிழில் ஒரு பிழையும் இல்லை. கடைசியாக என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற கேள்விகளுக்கெல்லாம் வழி அங்கேதான் இருக்கிறது.

வீடு கேட்டு வந்தவர் திருநங்கை என்ற ஒரே காரணத்துக்காக வீடு இல்லை என்று சொல்வது சட்டப்படி தவறு. 2019-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாவது பிரிவு, வாடகைக்குக் குடியிருக்கும் உரிமையை மறுக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. ஆனால் உங்கள் மாமியார் சட்டத்தை நினைத்தா அப்படிச் சொல்லியிருப்பார்? அக்கம்பக்கம் என்ன சொல்லும் என்று நினைத்திருப்பார். அந்த அக்கம்பக்கத்துக்கு இந்த ஊரில் ஒரு வரலாறு உண்டு. 2008 அக்டோபரில் கிரிநகரில் ஐந்து திருநங்கைகளைப் போலீஸ் பிடித்தது. என்ன ஏது என்று கேட்கப் போன திருநங்கைகளின் உரிமைக்காக உழைக்கும் ‘சங்கமா’ அமைப்பினரையும் சேர்த்து அடைத்தது. அவர்கள் தாக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. அதற்கடுத்த வாரங்களில், திருநங்கைகளைக் காலி செய்யச் சொல்லி வீட்டு உரிமையாளர்களுக்கு நெருக்கடி வந்தது. வருடக்கணக்காக ஒழுங்காக வாடகை கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் பாத்திரம் பண்டத்தோடு தெருவுக்கு வந்தார்கள். ராத்திரியில் தெருவில் நிற்க நேர்கிறவருக்கு என்னென்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அஞ்சலிக் கூட்டத்தில் வாசித்த பெயர்களில் பல, அப்படி ராத்திரியில் வெளியே இருந்தவர்களுடையவை. அதனால் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுப் பேசுங்கள். மற்றவர்களிடம் எத்தனை மாத அட்வான்ஸ் கேட்பீர்களோ அவரிடமும் அதையே கேளுங்கள், ஒரு ரூபாயும் கூடுதலாகக் கேட்க வேண்டாம். மாமியாரிடம் நீங்கள்தான் பேச வேண்டும். அவர் சொன்ன பொய்யைப் பொய் என்று எழுத முடிந்த உங்களால் அதுவும் முடியும்.

அடுத்து உங்கள் கணவரின் கேள்வி. கடை கடையாகப் போய்க் காசு கேட்பது, சிக்னலில் கேட்பது எல்லாம் ஜமாத் என்கிற திருநங்கைகளின் குழுவுக்குள்ளேயே பல காலமாகப் பேசப்படும் விஷயம்தான். மிரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். மிரட்டினால் அது குற்றம், யார் செய்தாலும் புகார் கொடுக்கலாம். ஆனால் ஒருவர் மிரட்டியதற்கு எல்லாரையும் பிடிப்பது என்ன நியாயம்? 2014 ஏப்ரல் 15-ல்தான் உச்ச நீதிமன்றம் நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) தொடுத்த வழக்கில், தன் பாலினம் எது என்று சொல்வது அவரவர் உரிமை என்று தீர்ப்பளித்தது. அதே வருடம் நவம்பரில் இந்த நகரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட திருநங்கைகளை அள்ளிக்கொண்டு போய்ப் பிச்சைக்காரர் மறுவாழ்வு மையத்தில் அடைத்தார்கள். காய்கறி வாங்கப் போனவர், வேலைக்குப் போனவர் என்று யாரையும் பார்க்கவில்லை.

கௌரவமாக உழைத்துப் பிழைக்கலாமே என்பார்கள். கோவையில் சங்கீதா என்று ஒருவர் இருந்தார், திருநங்கைகள் சங்கத் தலைவி. கொரோனா காலத்தில் தங்கள் ஆட்களுக்கு வேலை வேண்டும் என்று திருநங்கைகளே நடத்தும் பிரியாணிக் கடை ஒன்றைத் தொடங்கினார். கடை திறந்து சில வாரம்தான். 2020 அக்டோபரில் அவர் கொலை செய்யப்பட்டார். உழைத்தால் பாதுகாப்பு என்று நாம் சொல்லும் வாக்குறுதியை நம்மால் காப்பாற்ற முடியவில்லை. அதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

கொலை என்றால் எல்லாம் கொலைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். உயிர் எல்லாருக்கும் ஒன்றுதான், சரி. ஆனால் 2018 மே மாதம் ஹைதராபாத்தில் நடந்ததைப் பாருங்கள். பிள்ளை பிடிக்கிறவர்கள் ஊருக்குள் வந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி. பிச்சை கேட்டு வந்த திருநங்கைகளைக் கூட்டம் சூழ்ந்து அடித்ததில் ஒருவர் இறந்துபோனார். அவர் எதுவும் செய்யவில்லை, திருநங்கையாக அந்தத் தெருவில் இருந்தார், அவ்வளவுதான்.

இந்தச் சந்தேகம் வாட்ஸ்அப்பில் பிறந்தது இல்லை. 1871-ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தில், பின்னால் நம்மூரில் கள்ளர், குறவர் மீதும் பாய்ந்தது என்று நாம் படிக்கிறோமே அதே சட்டத்தில், இவர்களுக்கென்று ஒரு பாகமே இருந்தது. பிள்ளைகளைக் கடத்துகிறவர்கள் என்று சந்தேகித்து இவர்கள் பெயரையும் முகவரியையும் பதிவேட்டில் எழுதி வைக்கச் சொன்னது. சுதந்திரத்துக்குப் பிறகு அந்தச் சட்டம் ஒழிந்தது. ஆனால் 2011-ல் கர்நாடகப் போலீஸ் சட்டத்தில் 36ஏ என்று ஒரு பிரிவைப் புதிதாகச் சேர்த்து அதையே திரும்பக் கொண்டுவந்தார்கள். அதே சந்தேகம், அதே பதிவேடு. இங்குள்ள அமைப்புகள் உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் அது திருத்தப்பட்டது. சட்டமே 1871-லும் 2011-லும் ஒருவரைப் பிள்ளை பிடிக்கிறவர் என்று சந்தேகித்திருக்கும்போது, கூட்டம் கல்லை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

இந்தக் கொலைகளைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். தலித் மக்கள் மீதான வன்கொடுமைக்கு 1989-ல் தனிச் சட்டம் வந்தபோதும் ‘அடிதடி என்றால் எல்லாம் அடிதடிதானே’ என்று கேட்டவர்கள் உண்டு. யார் என்பதற்காக அடிக்கிறவன் ஒருவரை அடிக்கும்போது அவரைப் போன்ற எல்லாரையும் மிரட்டுகிறான். சட்டம் அதைப் பார்க்க வேண்டும். 2019 சட்டத்தில் என்ன வைத்தார்கள் தெரியுமா? திருநர் மீதான உடல் வன்முறைக்கும் பாலியல் வன்முறைக்கும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருடம் வரை சிறை. பெண்ணை வன்புணர்ந்தால் குறைந்தது 10 வருடம். ஒரே கொடுமைக்கு இரண்டு விலை. 2024 ஜூலையில் வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் ‘இயற்கைக்கு மாறான’ புணர்ச்சி பற்றிய பழைய 377-வது பிரிவையும் முழுதாக எடுத்துவிட்டார்கள். சம்மதமில்லாமல் நடந்த கொடுமைக்கு அதுவரை அது ஒன்றாவது கைக்கு இருந்தது. இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு எரிகிறது.

இனி நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். அல்சூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு நானி, அதாவது ஜமாத்தில் மூத்த குரு, இருக்கிறார். சேலத்துக்காரர், சின்ன வயதிலேயே இங்கே வந்தவர். அவருடைய சேலா (அவரைக் குருவாக ஏற்று மகள் போல இருந்தவள்) ஒருத்தி ராத்திரி அடிபட்டுச் செத்துப்போனாள். பிணவறை வாசலில் நானியோடு நானும் இருந்தேன். பாரத்தில் இறந்தவருக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம். நானி ‘அம்மா’ என்றார். பெற்றவரா என்று கேட்டார்கள். வளர்த்தவள் என்றார். ரத்த உறவு வந்தால்தான் உடல் என்று சொல்லிவிட்டார்கள். பதினெட்டு வயதில் வந்தவளுக்குச் சோறு போட்டு, ஆபரேஷனுக்குப் பிறகு நாற்பது நாள் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர், மர பெஞ்சில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிக்கடைப் பை. உள்ளே மஞ்சள் சேலை, பிளவுஸ், ஒரு டஜன் கண்ணாடி வளையல், இரண்டு முழம் பூ.

ஊரிலிருந்து அண்ணன் வந்தார். அவர் கொண்டுவந்தது வேட்டியும் சட்டையும். அவளுடைய முடியை வெட்டினார்கள். அண்ணனைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அழுது முகம் வீங்கிப்போயிருந்தது. நானியின் கையைப் பிடித்துக்கொண்டு, ‘ஊர்ல கேப்பாங்கம்மா, இப்படி வெச்சு கொண்டுபோக முடியாதும்மா’ என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார். நானி சண்டை போடவில்லை. சித்திரையில் கூவாகத்தில் அரவானுக்காகத் தாலியறுத்து, வெள்ளை உடுத்தி, ஊரே கேட்க ஒப்பாரி வைக்கிறவர்கள் அவர்கள். சொந்தப் பிள்ளைக்கு அழ அந்த வாசலில் இடமில்லை.

இறப்புச் சான்றிதழில் ஏறியது அவள் பத்து வருடமாகப் பயன்படுத்தாத ஆண் பெயர். எஃப்.ஐ.ஆரிலும் அதே பெயர், காரணம் என்ற இடத்தில் குடிபோதைத் தகராறு. அரசாங்கக் கணக்கில் அன்றைக்கு இந்த ஊரில் திருநங்கை யாரும் கொல்லப்படவில்லை. ஒருவரைக் கொன்ற பிறகும் அந்தக் கொலையை இல்லாமல் ஆக்க முடியும் என்று நான் அங்கேதான் புரிந்துகொண்டேன். அடையாள அட்டையில் பெயர் மாற்றுவது, பெற்றவர் இல்லாதபோது குருவை உறவாக ஏற்பது, போலீஸ் பதிவில் பாலினத்தை ஒழுங்காக எழுதுவது என்று இவர்கள் மனு மேல் மனுவாகக் கேட்பதெல்லாம் உயிரோடு இருக்கும்போது மட்டும் வேண்டிய உரிமைகள் என்று நினைக்காதீர்கள். செத்த பிறகும் அவை வேண்டும்.

அமெரிக்க நாளும் இதே காரணத்தால் வந்ததுதான். 1998 நவம்பர் 28-ல் பாஸ்டனில் ரீட்டா ஹெஸ்டர் என்ற கறுப்பினத் திருநங்கை தன் வீட்டிலேயே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். பத்திரிகைகள் அவரை ஆணாக எழுதின. க்வென்டலின் ஆன் ஸ்மித் என்ற திருநங்கைச் செயல்பாட்டாளர், இது சனெல் பிக்கெட் கொலை மாதிரியே இருக்கிறதே என்று தன் வட்டத்தில் சொன்னார். சனெல் 1995 நவம்பர் 20-ல் பாஸ்டனை ஒட்டிய வாட்டர்டவுனில் கொல்லப்பட்டவர். குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கொலைக்காகத் தண்டனை கிடைக்கவில்லை, தாக்கியதற்காக மட்டும் கிடைத்தது. ஆனால் ஸ்மித் பேசியவர்களுக்குச் சனெல் யாரென்றே நினைவில்லை. மூன்று வருடத்தில், அதே ஊர்ப்பக்கத்தில், அதே சமூகத்துக்குள்ளேயே மறந்துபோயிருந்தது. அந்த அதிர்ச்சியில்தான் அவர் இறந்தவர்களின் பெயர்களைத் தொகுக்க ஆரம்பித்தார். 1999-ல் முதல் அஞ்சலி நாள் நடந்தது. ரீட்டாவைக் கொன்றதற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை.

நமக்கு இது புதிது என்று யார் சொன்னது? வருடா வருடம் டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணிக்குப் போகிறார்களே. 1968-ல் குடிசைக்குள் எரிந்த 44 பேர். 1973-ல் உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை விடுதலை செய்தது. நீதிமன்றம் கைவிட்ட பிறகும் அந்த ஊர்ப் பெயரை நாம் இன்று சொல்கிறோம் என்றால், ஒவ்வொரு வருடமும் போய் நின்றவர்களால்தான். திருநங்கைகள் நவம்பர் 20-ல் செய்வதும் அதுதான். தேதி எங்கிருந்து வந்தால் என்ன.

மெழுகுவர்த்தியால் என்ன மாறும் என்று கேட்டிருந்தீர்கள். அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் ஒன்றும் மாறாது. ஆனால் பெயர் தொகுக்கத் தொடங்கினால் எண்ணிக்கை வருகிறது. எண்ணிக்கை இருந்தால் சட்டம் கேட்க முடிகிறது. அமெரிக்காவில் 2009-ல் வெறுப்புக் குற்றச் சட்டத்தில் பாலின அடையாளமும் சேர்ந்தது. ஐரோப்பாவிலிருந்து ஓர் அமைப்பு உலகம் முழுக்கச் செய்திகளைத் திரட்டுகிறது. 2024 நவம்பரில் அது வெளியிட்ட ஒரு வருடக் கணக்கு 350 கொலைகள். எண்ணுகிற ஆட்கள் இருக்கும் நாடுகளில்தான் எண்ணிக்கை கூடுதலாகத் தெரிகிறது. நம் நாட்டில் எண்ணுகிறவர்கள் குறைவு. பெங்களூரில் பி.யூ.சி.எல். என்ற மனித உரிமை அமைப்பினர் 2003-லேயே தெருவிலும் லாக்கப்பிலும் அடிபட்ட திருநங்கைகளின் வாக்குமூலங்களை எழுதி அறிக்கையாகப் போட்டார்கள். இங்கே பின்னால் நடந்த எத்தனையோ வாதங்களுக்கு அந்தப் பக்கங்கள்தான் அடிப்படை.

ஃப்ரீடம் பார்க்கில் வாசித்த பட்டியலை நீங்களும் கேட்டீர்கள். சில இடங்களில் பெயருக்குப் பதில் ஊரை மட்டும் சொன்னார்கள், கவனித்தீர்களா? பழைய தினசரிகளில் ‘அரவாணி கொலை’ என்று நாலு வரி வந்திருக்கும், பெயர் இருக்காது. அல்லது கன்னடப் பத்திரிகையில் ஒரு பெயரும் தமிழ்ப் பத்திரிகையில் வேறு பெயரும் இருக்கும். ஓசூர், கோலார், தர்மபுரி என்று இந்த எல்லைப் பக்கச் செய்திகளில் இது அதிகம். இரண்டையும் வைத்துப் பார்த்து, ஜமாத்தில் பெரியவர்களிடம் கேட்டு, அந்தப் பெண்ணைத் தெரிந்தவர்கள் அவளை என்ன பெயரில் கூப்பிட்டார்கள் என்று கண்டுபிடித்து எழுத வேண்டும். இரண்டு மொழியும் சரளமாகப் படிக்கிறவர்கள் கிடைப்பதில்லை என்று உங்கள் தோழியின் குழுவினர் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கு இரண்டும் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் தோழியிடம் சொல்லுங்கள், இப்போது 2010-க்கு முந்தைய செய்திகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
அக்கா