இருபத்து நான்காவது டார்பிடோ

அன்புள்ள ஆசிரியருக்கு,

1944இல் தான் ஏவிய டார்பிடோவாலேயே மூழ்கிய அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் டாங் பற்றிய ஆவணப்படம் ஒன்றைப் பார்த்தேன். தன் வினை தன்னைச் சுடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? அதில் இறந்த எண்பது பேரைப் பற்றி ஒரு நாவல் எழுத விரும்புகிறேன். எங்கிருந்து தொடங்கலாம்? டார்பிடோவுக்கு நல்ல தமிழ்ச் சொல் உண்டா?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

டார்பிடோவை டார்பிடோ என்றே எழுதுங்கள். வினை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லுக்காகத்தான் இந்தப் பதில்.

1944 செப்டம்பர் 24 அன்று பேர்ள் ஹார்பரிலிருந்து 24 டார்பிடோக்களுடன் கிளம்பிய டாங், அக்டோபர் இறுதியில் ஃபார்மோசா (இன்றைய தைவான்) நீரிணையில் ஜப்பானியக் கப்பல் வரிசைகளைத் தாக்கி, இரண்டைத் தவிர மற்றவற்றைச் செலவிட்டிருந்தது. அந்த இரண்டையும் கேப்டன் ரிச்சர்ட் ஓகேன் உடனே ஏவவில்லை. ஒவ்வொன்றுக்கும் அரைமணி நேரம் ஒதுக்கி, மின்கலத்தில் சேர்ந்திருந்த ஹைட்ரஜனை வெளியேற்றவும், சுக்கானையும், திசை பிசகாமல் காக்கும் கைரோவையும் சோதிக்கவும் செய்தார். அக்டோபர் 25 அதிகாலை இரண்டரை மணியளவில் முதலாவது நேராகச் சென்றது. இரண்டாவது நீர்மட்டத்துக்கு மேலே துள்ளி, இடப்பக்கம் வளைந்து, திரும்பி வந்து கப்பலின் பின்பகுதியில் மோதியது. கப்பல் 180 அடி ஆழத்தில் தரைதட்டியது.

சோதித்தவர்கள் கவனமானவர்கள். இதில் எந்த வினை எவரைச் சுட்டது? அதே ஆண்டு மார்ச்சில் பசிபிக்கில் பலாவு தீவுகளுக்கு வடக்கே டல்லிபீ என்ற அமெரிக்க நீர்மூழ்கியும் தன் டார்பிடோவாலேயே அழிந்தது. ஒருவரே பிழைத்தார், அவரும் போர்க் கைதியானதால் செய்தி போருக்குப் பிறகே வெளிவந்தது. ஊழ் என்று நீங்கள் கைகூப்பிவிட்டால், சுக்கானைச் செய்தவனிடம் யாரும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

இப்படிக் கேட்காமல் விட்டதன் விலை உங்களுக்குத் தெரியுமா? அமெரிக்கா போரில் இறங்கிய முதல் இரண்டாண்டுகளில் அதன் மார்க் 14 என்ற டார்பிடோ குறித்த ஆழத்துக்குக் கீழே ஓடியது, பட்டாலும் வெடிக்காமல் போனது. கேப்டன்கள் புகார் எழுதினார்கள். கடற்படையின் ஆயுதத் துறையோ அவர்களின் குறியைத்தான் குறை சொன்னது. 1943 ஜூலையில் டினோசா என்ற நீர்மூழ்கியின் கேப்டன் டஸ்பிட், அசையாமல் நின்றுவிட்ட கப்பல்மேல் ஒன்றன்பின் ஒன்றாக ஏவினார், பட்டன, வெடிக்கவில்லை. கடைசி ஒன்றை ஏவாமல் சான்றாகத் திரும்பக் கொண்டுவந்தார். ஹவாயில் பாறைமேல் ஏவிப் பார்த்தபோதும், உயரத்திலிருந்து இரும்புத் தகட்டின்மேல் போட்டுப் பார்த்தபோதும், செங்கோணத்தில் மோதினால் வெடிமுள் வளைந்துபோவது தெரிந்தது. சாய்வாகப் பட்டது வெடித்தது. குறி பிசகாமல் அடித்தவனுக்குத்தான் வெடிக்கவில்லை.

என் அப்பா கோவையில் ஒரு பம்ப் பட்டறையில் லேத் ஓட்டினார். ஷாஃப்ட் ஒடிகிறது, வார்ப்பே சரியில்லை என்றால், உன் கைதான் சரியில்லை என்பார் முதலாளி. ஒடிந்த துண்டு ஒன்றை அப்பா சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். உடைந்த முகத்தில் எறும்புப் புற்றுபோல் சிறு துளைகள். அதை ஜன்னல் மாடத்தில் ஆறு வருடம் வைத்திருந்தார். யாரும் வந்து பார்க்கவில்லை. டஸ்பிட்டின் கதையைப் படிக்கும்போதெல்லாம் அந்த மாடம் நினைவுக்கு வருகிறது.

வினை என்ற சொல்லுக்கு இந்தக் கதையில் இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கடலில் மிதந்த ஓகேன் உள்ளிட்டோரை ஜப்பானியக் காவல் கப்பல் ஒன்று ஏற்றிக்கொண்டது. அதில் டாங் மூழ்கடித்த கப்பல்களிலிருந்து தீக்காயங்களுடன் தப்பியவர்களும் இருந்தார்கள். பிடிபட்ட தங்களை அங்கே அடித்தவர்கள் அந்தத் தீக்காயக்காரர்கள்தாம் என்று தெரிந்த பிறகு அடியைத் தாங்குவது எளிதாயிற்று என்று ஓகேன் பின்னர் எழுதினார். அவர் விதியைக் குறிப்பிடவில்லை, அந்தக் கைகளைத்தான் குறிப்பிட்டார்.

நாவலை அந்த அரைமணி நேரச் சோதனையிலிருந்து தொடங்குங்கள், தம்பி. இறந்தவர்கள் எண்பது பேர் அல்ல; 87 பேரில் 9 பேர் பிழைத்தார்கள், 78 பேர் இறந்தார்கள். எண்ணிக்கையைத் திருத்திக்கொள்ளுங்கள்.