விளக்கு எரியவில்லை என்று வீட்டு வரியை நிறுத்தலாமா?

கேள்வி: சிவகங்கை மாவட்டத்தில் ஒரு கிராம ஊராட்சியில் வசிக்கிறோம். எங்கள் தெருவில் எட்டு மாதமாக விளக்கு எரியவில்லை. 2022-ல் ஆழ்துளைக் கிணறு போட்டதாகப் பலகை நிற்கிறது. குழாயில் ஒரு நாள்கூடத் தண்ணீர் வந்ததில்லை. கேட்டால், ‘ஊராட்சியில் நிதி இல்லை’ என்கிறார் செயலர். தலைவரின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்தபின் கேட்கவும் ஆளில்லை. இதற்கிடையில் எல்லோருக்கும் வீட்டு வரி பாக்கி என்று அறிவிப்பு வந்திருக்கிறது. கணக்கைக் காட்டும்வரை யாரும் வரி கட்டுவதில்லை என்று தெருவில் முடிவெடுத்திருக்கிறோம். இது செல்லுமா? நான் இரண்டு வருட வரியைச் செயலரிடம் ரொக்கமாகக் கொடுத்து, துண்டுச் சீட்டில் எழுதி வாங்கியிருக்கிறேன்.

பதில்: செல்லாது. உங்கள் கோபம் நியாயமானது. கையில் எடுத்த ஆயுதம்தான் தவறு.

வரிக்கும் கட்டணத்துக்கும் உள்ள வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 1954-லேயே சொல்லிவிட்டது. சென்னை அறநிலையத் துறை ஆணையருக்கும் உடுப்பியின் சீரூர் மடத்துக்கும் நடந்த வழக்கு அது. வரி என்பது கட்டாயமாக வசூலிக்கப்படுவது. கட்டுபவருக்கு இன்ன பலன் தருகிறேன் என்ற வாக்குறுதி அதில் இல்லை. கட்டணம் என்பது ஒரு சேவைக்கு ஈடாக வாங்குவது. வீட்டு வரி முதல் வகை. எனவே ‘விளக்கு எரியட்டும், பிறகு கட்டுகிறேன்’ என்ற வாதம் எந்த நீதிமன்றத்திலும் நிற்காது. குடிநீர்க் கட்டணத்தின் கதை வேறு. தண்ணீரே வராத வீட்டுக்கு அந்தக் கட்டணத்தைக் கேட்டிருந்தால், எழுத்து மூலம் ஆட்சேபிக்க உங்களுக்கு இடம் உண்டு. வந்திருக்கும் அறிவிப்பை இன்னொரு முறை படியுங்கள். இரண்டையும் கூட்டி ஒரே தொகையாகப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

இனி அந்த ‘நிதி இல்லை’. இதை வெறும் சாக்கு என்று நினைக்காதீர்கள். அது ஊராட்சிக்குச் சட்டமே கொடுத்த கேடயம். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-ன் 110-வது பிரிவு சாலை, விளக்கு, வடிகால், குடிநீர் எல்லாவற்றையும் கிராம ஊராட்சியின் கடமை என்கிறது. கூடவே ‘தன் நிதியின் வரம்புக்குள்’ என்று ஒரு சொற்றொடரையும் வைத்திருக்கிறது. நாளை நீங்கள் வழக்குப் போட்டால் எதிர்த்தரப்பு அந்தச் சொற்றொடரைத்தான் முதலில் நீட்டும். பணம் வந்ததா, எந்தத் தலைப்பில் வந்தது, எங்கே போனது என்று காகிதத்தில் காட்டினால் மட்டுமே அந்தக் கேடயம் உடையும்.

ஊராட்சிக்கு வரும் பணம் ஒரே பானையில் கொட்டப்படுவதில்லை. வீட்டு வரி, தொழில் வரி போன்ற சொந்த வருவாய் பொது நிதியில் சேரும். மாநில நிதி ஆணைய மானியம் தனி. பதினைந்தாவது மத்திய நிதி ஆணையத்தின் மானியத்தில் 2021-22 முதல் 60 சதவீதம் கட்டுண்ட நிதி: 30 சதவீதம் குடிநீருக்கு, 30 சதவீதம் சுகாதாரத்துக்கு. அதை எடுத்து வேறு வேலைக்குச் செலவிட முடியாது. ஆகவே 2022-ல் தண்ணீருக்கென்றே பணம் வந்திருந்தால், ‘நிதி இல்லை’ என்பது உங்கள் ஆழ்துளைக் கிணற்றுக்குப் பதிலே அல்ல. விளக்கு விஷயத்தில் அந்தப் பதிலில் ஓரளவு உண்மை இருக்கலாம். சிறிய ஊராட்சிகளில் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் மின்கட்டணம் கட்டி, தொட்டி இயக்குபவருக்கும் தூய்மைப் பணியாளருக்கும் ஊதியம் கொடுத்தபின் பொது நிதியில் மிஞ்சுவது சொற்பம். அந்த நிலையில் நீங்களும் வரியை நிறுத்தினால், செயலரின் பொய்யை நீங்களே மெய்யாக்கிக் கொடுத்ததாகிவிடும்.

தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களின் பதவிக்காலம் உங்கள் மாவட்டத்தில் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. ஆனால் கிராம சபைக்குப் பதவிக்காலம் கிடையாது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். ஊராட்சியின் அதிகாரம் தனி அலுவலரிடம் போனபோது பதில் சொல்லும் பொறுப்பும் அவரிடமே போய்விட்டது. வரவுசெலவுத் திட்டத்துக்கும் தணிக்கை அறிக்கைக்கும் ஒப்புதல் தருவது சபையின் வேலை. வரவு செலவு அறிக்கையை, அதாவது படிவம் 30-ஐ, கூட்டத்தில் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்குத் தெருவே திரண்டு போங்கள். டீ குடித்துவிட்டு வெற்றுத் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுத் திரும்பும் வழக்கம் பல ஊர்களில் உண்டு, அதைச் செய்யாதீர்கள். கிணறு பற்றிய உங்கள் கேள்வி தீர்மானப் புத்தகத்தில் ஏறிய பிறகே கையெழுத்து.

அதற்கு முன்பே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு தகவல் மனு போட்டுவிடுங்கள். கட்டணம் 10 ரூபாய். ‘ஏன் தண்ணீர் வரவில்லை?’ என்று எழுதினால் ஒரு வரியில் மழுப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: அந்தக் கிணற்றுப் பணியின் நிர்வாக அனுமதி, மதிப்பீடு, செய்த வேலையை அளந்து பதியும் அளவைப் புத்தகத்தின் சம்பந்தப்பட்ட பக்கங்கள், பணம் வழங்கிய வவுச்சர். மேலும் 2021-22 முதல் குடிநீருக்கென வந்த மானியத்தின் வரவு செலவு விவரம். வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம்; அது அவரிடம் இல்லையென்றால் 6(3) பிரிவின்படி ஐந்து நாளுக்குள் உரியவருக்கு அவரே மாற்றி அனுப்ப வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஆவணங்களையும் பணியையும் நேரில் பார்வையிடும் உரிமை 2(j) பிரிவில் இருக்கிறது. அதையும் மனுவில் கேட்டுவிடுங்கள். அளவைப் புத்தகத்தில் எழுதிய ஆழத்தையும் தரையில் உள்ள கிணற்றையும் ஒப்பிட்டாலே பாதி வழக்கு முடிந்துவிடும்.

காகிதம் கைக்கு வந்ததும் ஊராட்சிகளின் ஆய்வாளரான மாவட்ட ஆட்சியரிடம் நகல்களுடன் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அவர் அசையாவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிப்பேராணை (ரிட்) கேட்கலாம். ‘அதிகாரியிடம் முறையிட்டீர்களா?’ என்பது அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி. அந்த ஒப்புகைச் சீட்டுதான் பதில். செய்யாத வேலைக்குப் பணம் எடுத்தது உறுதியானால் அது குற்றவியல் விவகாரம். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்தது என்பதால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 409-வது பிரிவு, அதாவது பொது ஊழியர் செய்யும் நம்பிக்கை மோசடி, பொருந்தும்.

உங்கள் துண்டுச் சீட்டுக்கு வருகிறேன். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். செயலரின் கையெழுத்து அதில் இருந்தால் அது சான்றுதான். மூலத்தை நீங்கள் வைத்துக்கொண்டு, நகலை இணைத்து, எந்த ஆண்டுகளின் வரி, எவ்வளவு, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று தனி அலுவலருக்குப் பதிவு அஞ்சலில் ஆட்சேபம் அனுப்புங்கள். அந்த இரண்டு ஆண்டுகளின் வரி, யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுதும் கேட்புப் பதிவேட்டில் வரவாகியிருக்கிறதா என்பதையும் தகவல் மனுவில் ஒரு கேள்வியாகச் சேருங்கள். உங்களைப் போலச் சீட்டு வைத்திருப்பவர்கள் தெருவில் இன்னும் சிலர் இருப்பார்கள். எல்லோரும் தனித்தனியாக எழுதட்டும். மற்ற ஆண்டுகளின் பாக்கியை இணையவழியில் கட்டிவிடுங்கள். ரொக்கம் இனி யார் கையிலும் வேண்டாம்.