ரோமானியர்கள் பற்றிக் கேளுங்கள்: தண்ணீர், கான்கிரீட், மிளகு

கேள்வி: மோட்டார் இல்லாத காலத்தில் ஊருக்குள் தண்ணீர் எப்படி வந்தது சார்?

வாட்டம்தான். மொட்டை மாடிக்குக் கொத்தனார் வாட்டம் பார்ப்பாரே, அதையே மைல் கணக்கில் பார்த்தார்கள். பிரான்சில் நீம் நகருக்குப் போன கால்வாய் சுமார் 50 கிலோமீட்டர், ஆனால் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உயர வித்தியாசம் 12 மீட்டர் சொச்சம்தான்! நடுவில் ஆறு குறுக்கிட்ட இடத்தில் 49 மீட்டர் உயரத்துக்கு மூன்றடுக்குப் பாலம் கட்டி, தண்ணீரை அதன் தலைமேல் கொண்டுபோனார்கள். பாலம் இன்றும் நிற்கிறது.

கேள்வி: அப்போதும் தண்ணீர்த் திருட்டு உண்டா?

உண்டு, தாராளமாக. கி.பி. 97இல் ரோமின் தண்ணீர் நிர்வாகத்துக்குப் பொறுப்பேற்ற ஃப்ரான்டைனஸ் இதை விலாவாரியாக எழுதிவைத்திருக்கிறார். தெருவுக்கு அடியில் போகும் குழாயில் ஓட்டை போட்டு, கடைகளுக்குத் திருட்டு இணைப்பு கொடுத்திருக்கிறார்கள். அவற்றைப் பிடுங்கியதில் கிடைத்த ஈயமே கணிசமாம். கட்டிய பொறியாளர்களைவிட, காவல் காத்த இந்த மனிதர் மேல்தான் எனக்கு மதிப்பு அதிகம்.

கேள்வி: ரோமில் இருக்கும் பாந்தியன் கோயில் கூரையில் கம்பியே இல்லையாமே, எப்படி நிற்கிறது?

கம்பி இல்லை, உண்மைதான். 43 மீட்டர் அகலக் குவிமாடம், பேரரசர் ஹாட்ரியன் காலத்தில் முடிந்தது. கீழே கனமான கல், மேலே போகப்போக லேசானது, உச்சியில் நுரைக்கல் என்று ஜல்லியையே மாற்றிக்கொண்டு போனார்கள். கலவை, சுண்ணாம்பும் எரிமலைச் சாம்பலும். ரோமானியக் கான்கிரீட்டை உடைத்துப் பார்த்தால் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள் தெரியும். சரியாகக் குழைக்காமல் விட்டது என்றே ரொம்ப நாள் நினைத்தார்கள். 2023இல் வந்த ஆய்வு வேறு சொல்கிறது: விரிசல் விட்டுத் தண்ணீர் இறங்கினால் அந்தக் கட்டி கரைந்து, மறுபடி இறுகி, விரிசலை அடைத்துவிடும்.

கேள்வி: செப்டம்பர் ஒன்பதாவது மாதம், பெயரில் ஏன் ஏழு?

லத்தீனில் 'செப்டெம்' என்றால் ஏழு. பழைய ரோமானிய ஆண்டு மார்ச்சில் தொடங்கியது, அவ்வளவுதான்.

கேள்வி: நமக்கும் அவர்களுக்கும் வியாபாரம் இருந்ததற்குச் சான்று என்ன அண்ணா?

நிறைய இருக்கிறது தம்பி. கேரளக் கரையில் இருந்த முசிறித் துறைமுகத்திலிருந்து போன மிளகு ரோமில் குவிந்தது, அதற்கென்றே பேரரசர் டொமிஷியன் காலத்தில் கிடங்குகள் கட்டினார்கள். பதிலுக்குப் பொன் இங்கே வந்தது. 1898இல் புதுக்கோட்டைப் பக்கம் 501 ரோமானியப் பொற்காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின் குறுக்கே உளியால் ஒரு வெட்டு. காசாகச் செல்லாமல் வெறும் தங்கமாக எடை போடத்தான் வெட்டினார்கள் என்பது ஒரு விளக்கம். படம் கிடைத்தால் பாருங்கள், வெட்டு ஒவ்வொன்றும் அத்தனை ஆழம்.