மரச்சட்ட வீடு கட்டப் படிக்க ஆசைப்படும் மகள்: ஓர் அம்மாவுக்குப் பதில்

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

பள்ளி இறுதித் தேர்வான எச்.எஸ்.சி. முடித்த கையோடு மகள் இங்கிலாந்து போய், பழைய முறையில் மரச்சட்டம் கட்டும் பயிற்சியில் சேர வேண்டும் என்கிறாள். "ஆசாரி வேலைக்கா இவ்வளவு படித்தாள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்புங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால், புதியவர்களுக்கான இத்தகைய பயிற்சி பெரும்பாலும் ஒரு வாரம்தான், அதைக் காட்டினால் யாரும் வேலை தர மாட்டார்கள் என்பதை இருவருமே தெரிந்துகொள்ளுங்கள். இந்த வேலை தனக்கு ஒத்துவருமா என்று அவள் பார்த்துக்கொள்ளத்தான் அந்த வாரம்.

சசெக்ஸில் உள்ள வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் அருங்காட்சியகம் இப்படிப்பட்ட வகுப்புகளை நடத்துகிறது. ஈரம் காயாத ஓக் மரத்தில் ஒரு துண்டில் துளை, மற்றொரு துண்டில் அதற்குள் நுழையும் நாக்கு. இரண்டையும் சேர்த்து மர ஆணி அடிப்பார்கள். ஆணிக்காக நாக்கில் போடும் ஓட்டையைச் சற்றே தள்ளிப் போட்டிருப்பதால், ஆணி இறங்க இறங்க மூட்டு இறுகும். இரும்பு ஆணியே தேவையில்லை. இதற்கு உடல் பலத்தைவிட அளவும் கோணமும் முக்கியம். அவளுக்குக் கணக்கு நன்றாக வரும் என்று எழுதியிருக்கிறீர்கள், அது இங்கே உதவும். கனமான உத்தரத்தை யாரும் தனியாகத் தூக்குவதில்லை, கூட்டாகவோ கப்பி வைத்தோதான் ஏற்றுவார்கள்.

செத்துப்போன தொழில் என்று நினைக்காதீர்கள். பிரெஞ்சுத் தச்சர்கள் தரையில் கோடு போட்டு மரங்களைப் பொருத்தும் முறையை யுனெஸ்கோ 2009இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2019இல் எரிந்த பாரிஸ் நோத்ர தாம் ஆலயத்தின் கூரைச்சட்டத்தை மீண்டும் கட்ட ஓக் மரங்களைக் கோடரியால் செதுக்கினார்கள்.

நம் தீவின் கதை வேறு. 1960இல் அலிக்ஸ், கரோல் புயல்கள் மர வீடுகளைச் சாய்த்த பிறகு பெரும்பாலோர் கான்கிரீட்டுக்குப் போய்விட்டார்கள். இன்று மரவேலை தெரிந்தவர்களுக்குக் கட்டடங்களில் கிடைப்பது பெரும்பாலும் கோஃப்ராஜ், அதாவது கான்கிரீட் ஊற்றுவதற்கான அச்சுப் பலகை அடிக்கும் வேலை. மொக்காவில் யுரேக்கா, மாப்புவில் லபுர்தொனே போன்ற பழைய மர மாளிகைகளைப் பராமரிக்க ஆள் வேண்டும்தான். ஆனால் அதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. உங்கள் கவலையில் நான் ஒத்துப்போகும் இடம் இதுதான்.

அதனால் அந்த வாரம் முடிந்து வந்தும் ஆசை குறையவில்லை என்றால், இங்கேயே அரசுத் தொழிற்பயிற்சி நிறுவனமான எம்.ஐ.டி.டி.யில் மரவேலைச் சான்றிதழுக்கு விசாரியுங்கள். இன்னும் ஆழமாகப் போக நினைத்தால் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனோ பிரான்ஸோ போகலாம். அங்கே தச்சர்களுக்கென்றே சி.ஏ.பி. என்ற தொழில் சான்றிதழ் இருக்கிறது. பிரெஞ்சு தெரிந்த நம் பிள்ளைகளுக்கு அது பெரிய வசதி. கட்டடக்கலையோ சிவில் பொறியியலோ படிக்கத் திரும்பினாலும், கையால் மூட்டு வெட்டிப் பார்த்த அனுபவம் வீணாகாது.

அப்புறம், உளி, ரம்பம் எதையும் இப்போதே வாங்கிவிடாதீர்கள். கருவிகள் அங்கேயே தருவார்களா, கட்டணத்தில் தங்குமிடமும் சேர்ந்திருக்கிறதா, ஓர் ஆசிரியருக்கு எத்தனை பேர் என்று பணம் கட்டுவதற்கு முன் அவளையே எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்.