எனக்குப் பிறகு யார்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

என் மகனுக்கு 15 வயது. பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். உட்காரவோ பேசவோ வராது. அவனுக்கு எல்லாமே நான்தான். போன வாரம் ஒரு ராத்திரி, ‘எனக்கு முன்னால் இவன் போய்விட்டால் தேவலை’ என்று தோன்றிவிட்டது. அதிலிருந்து அவன் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. சொந்தக்காரர்கள் என்னைத் தெய்வம் என்கிறார்கள். நான் பாவி இல்லையா?

(பெயர் வேண்டாம்), தென்காசி மாவட்டம்

அன்புள்ள தங்கைக்கு,

இல்லை. நீங்கள் பாவி இல்லவே இல்லை. இதையே வேறு அம்மாக்கள் சொல்லியும் கேட்டிருக்கிறேன். சொன்ன கையோடு முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். ‘நான் கண்ணை மூடினால் இவனுக்கு யார் ஒரு வாய் ஊட்டுவார்கள்’ என்ற பயம்தான் அப்படிப் பேசவைக்கிறது.

கஞ்சி புரையேறாமல் ஊட்டி முடிக்கவே முக்கால் மணி நேரம் ஆகும். வளர்ந்த பையனைத் தூக்கிக் குளிப்பாட்ட வேண்டும். படுக்கைப்புண் வராமலிருக்க நடுராத்திரி எழுந்து புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். வருஷக்கணக்கில் முழுசாகத் தூங்காத உடம்புக்குள் மனசு மட்டும் எப்படி நன்றாக இருக்கும்?

தெய்வம் என்று சொல்கிறவர்கள்மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. தெய்வத்துக்கு இடுப்பு வலிக்காது, ஆள் உதவியும் வேண்டாம் என்று அவர்கள் நகர்ந்துவிடலாம். அடுத்த முறை யாராவது அப்படிச் சொன்னால், ‘ஞாயிற்றுக்கிழமை காலையில் ரெண்டு மணி நேரம் இவன்கூட இருக்கியா?’ என்று நேராகக் கேளுங்கள். எப்படி ஊட்டுவது, எப்படித் தூக்குவது என்று சொல்லிக்கொடுங்கள். கடிதத்தில் உங்கள் கணவரைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. அவர் உடன் இருக்கிறார் என்றால், ராத்திரி எழுந்து பையனைப் புரட்டுவது இனி அவர் பொறுப்பாகட்டும்.

சரி, அந்தப் பயத்துக்கு வருகிறேன். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் மூளை முடக்குவாதமும் வருகிறது. மகனுக்கு 18 வயது ஆனதும், ஆட்சியர் இருக்கும் மாவட்டக் குழுவில் மனு கொடுத்துச் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்கலாம். உங்களுக்குப் பிறகு யார் என்பதை இப்போதே வீட்டில் பேச ஆரம்பியுங்கள். தம்பியோ, அக்கா மகளோ, யாராக இருந்தாலும் இன்றிலிருந்தே அவனோடு பழகட்டும். அப்புறம், மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறதா? வராவிட்டால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். டயப்பர் செலவுக்கே காணாது, ஆனாலும் அது அவனுக்குச் சேர வேண்டிய பணம்.

மாற்றுத்திறனாளிகளுக்கான தொண்டு நிறுவனமான ஆய்க்குடி அமர் சேவா சங்கம் உங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஒரு தடவை போய்வாருங்கள். அங்கே பிள்ளையோடு வரும் அம்மாக்களிடம், எனக்கு எழுதியதை அப்படியே சொல்லுங்கள். அவர்களுக்கு நீங்கள் எதையும் விளக்க வேண்டியிருக்காது.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு பேருமாகச் சேர்ந்து போய்விடலாம் என்ற நினைப்பு எப்போதாவது எட்டிப்பார்த்தால், அந்த நிமிஷமே பக்கத்தில் இருப்பவரை எழுப்பிச் சொல்லுங்கள், 14416-க்குப் போன் போடுங்கள். அரசின் மனநல உதவி எண் அது. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. அழுகையும் தூக்கமின்மையும் தொடர்ந்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டுங்கள். அவன் வைத்தியத்துக்குத் தவறாமல் போகிறீர்களே, உங்களுக்காகவும் ஒரு சீட்டு எடுங்கள்.

அன்புடன்,
அக்கா