நின்று எடுத்த படம் பொய்யா?

கேள்வி: அமெரிக்கப் பஞ்சாலைப் பிள்ளைகளை லூயிஸ் ஹைன் எடுத்த படங்களை ‘ஆவணம், ஆவணம்’ என்று கொண்டாடுகிறீர்கள். எந்தப் படத்தைப் பார்த்தாலும் பிள்ளைகள் காமிராவைப் பார்த்தபடி நிற்கிறார்கள். நிற்க வைத்து எடுத்தது எப்படி ஆவணமாகும்? எங்கள் ஊர் விசைத்தறிக் கூடங்களில் யாருக்கும் தெரியாமல் மொபைலில் 600 படங்கள் எடுத்து வைத்திருக்கிறேன். அவைதானே உண்மையான ஆவணம்?
— வாசகர், குமாரபாளையம்

பதில்: நிற்க வைத்துத்தான் எடுத்தார். அதில் மறைக்க ஒன்றுமில்லை. வேறு எப்படி எடுத்திருக்க முடியும் என்று முதலில் பார்ப்போம்.

பிள்ளைகளை வேலைக்கு வைப்பதை எதிர்த்த தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக 1908-ல் முழுநேரமாக இறங்கியபோது ஹைனிடம் இருந்தவை 5-க்கு 7 அங்குலக் கண்ணாடித் தகடு போடும் பெட்டிக் காமிரா, முக்காலி, மக்னீசிய ஃபிளாஷ் தூள். காமிராவின் பின்பக்கத்துத் தேய்த்த கண்ணாடியில் உருவம் தலைகீழாகத் தெரியும். அதைப் பார்த்துத்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். அப்புறம் அந்த இடத்தில் தகட்டுப் பெட்டியைச் செருகிவிட்டால், எடுப்பவருக்கு எதுவும் தெரியாது. அதற்குள் ஆள் அரையடி முன்னே வந்தாலும் முகம் மங்கிவிடும். தட்டில் தூளைக் கொட்டி, தகட்டின் மறைப்பை உருவி, லென்ஸைத் திறந்து, தூளைப் பற்றவைத்து, லென்ஸை மூட வேண்டும். கண்ணைப் பறிக்கும் ஒரு வெளிச்சம், அதைத் தொடர்ந்து அறை முழுக்க வெண்புகை. புகை கலையும்வரை அடுத்த படம் கிடையாது. இத்தனையும் நடக்கும்வரை ஆள் அசையாமல் நின்றே ஆக வேண்டும்.

ஃபிளாஷ் தூளும் சாதுவான சரக்கல்ல. மக்னீசியத்தோடு பொட்டாசியம் குளோரேட் போன்றவற்றைக் கலந்து 1887-ல் ஜெர்மனியில் கொண்டுவந்தார்கள். தனித்தனியாக வைத்திருந்து, படம் எடுக்கச் சற்றுமுன் காகிதத்தில் மெதுவாகப் புரட்டித்தான் கலக்க வேண்டும். கல்வத்தில் சேர்த்து அரைத்தால் கையோடு வெடிக்கும். ஈரம் ஏறினால் சரியாகப் பற்றாது. நியூயார்க்கின் குடிசைத் தெருக்களை எடுத்த ஜேக்கப் ரீஸ் இந்தத் தூளை வாணலியில் வைத்துக் கொளுத்துவார். படமெடுக்கப் போன வீடுகளுக்கு இரண்டு முறையும் தன் உடுப்புக்கு ஒரு முறையும் தீ வைத்துக்கொண்டவர் அவர். பஞ்சு பறக்கும் கூடத்தில் இதைப் பற்றவைத்தால் என்னாகும் என்று விசைத்தறி ஊர்க்காரரான உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னல் வெளிச்சத்தை மட்டும் நம்பினால் லென்ஸை அகலத் திறக்க வேண்டும். திறந்தால் கூர்மை ஓர் ஆளின் அளவுக்குத்தான் நிற்கும். பிள்ளையின் முகம் துல்லியமாகவும் பின்னால் நீளும் ரிங் ஃபிரேம் (நூல் நூற்கும் எந்திரம்) வரிசை மங்கலாகவும் தெரிவது இதனால்தான். பார்ப்பவர்கள் இதைக் கலை என்கிறார்கள். வெளிச்சப் பற்றாக்குறை என்பதே சரி.

‘போஸ்’ பொய்யாகிற இடம் உண்டு, அது வேறு ஊர். ஜெர்மனியில் எஸ்ஸன் நகரத்து க்ரூப் எஃகு ஆலை 1861-லேயே சொந்தமாகப் படப்பிரிவு வைத்திருந்தது. 1867 பாரிஸ் பொருட்காட்சிக்குப் படம் எடுக்கும்போது, ஞாயிற்றுக்கிழமையில் எடுங்கள் என்று முதலாளி ஆல்ஃபிரட் க்ரூப் யோசனை சொன்னார். வேலைநாள் என்றால் புகை, நீராவி, ஆள் நடமாட்டம். வேலை கெட்டால் நஷ்டம் வேறு. ஆலை சும்மா கிடக்கும் நாளில் நூற்றுக்கணக்கான ஆட்களை வரவழைத்து, வேலை செய்வதுபோல நிறுத்தி எடுத்தால் படம் பளிச்சென்று வரும். அதிலும் ஆட்கள் நிற்கிறார்கள், ஹைன் படத்திலும் நிற்கிறார்கள். நிற்பதை மட்டும் வைத்து இரண்டையும் எப்படிப் பிரிப்பீர்கள்? யார் காசில், எதைக் காட்ட எடுத்தது என்று கேட்டால்தான் பிரியும்.

ஹைனின் பலம் காமிராவில் இல்லை, கோட்டுப் பைக்குள் இருந்தது. தன் கோட்டின் ஒவ்வொரு பொத்தானும் தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று முன்பே அளந்து வைத்திருந்தார். பிள்ளை பக்கத்தில் வந்து நின்றால் உயரம் தெரிந்துவிடும். பைக்குள் கைவிட்டபடியே குறித்துக்கொள்வார். தெற்குக் கரோலினாவில் லங்காஸ்டர் பஞ்சாலைச் சிறுமி ஒருத்தியின் படத்துக்கு அவர் எழுதிய குறிப்பில் 48 அங்குல உயரம், ஆறு மாதமாக வேலை, 1908 நவம்பர் 30 என்று எல்லாம் இருக்கிறது. ஜார்ஜியாவில் மேக்கன் நகரத்து பிப் ஆலையில் 1909 ஜனவரி 19-ல் எடுத்த படத்தில் வெறுங்காலோடு பையன்கள் ஓடும் ஃபிரேமின் மீது ஏறி நிற்கிறார்கள். அறுந்த இழையைச் சேர்க்கவும் நூல் சுற்றும் வெற்று பாபினை மாட்டவும் கீழே நின்றால் சிலருக்கு எட்டாது என்று குறிப்பு சொல்கிறது.

இந்த விவரம் ஏன் முக்கியம்? ஆலைக்காரர்களிடம் பதில் தயாராக இருந்தது: ‘பையனுக்கு வயது ஆகிவிட்டது, வளர்த்திதான் குறைவு’, ‘இங்கே வேலை செய்யவில்லை, அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்தான்’. வெறும் படத்தால் இதற்கு மறுப்புச் சொல்ல முடியாது. பெயரும், உயரமும், வேலைக்குச் சேர்ந்து எத்தனை மாதம் என்பதும் இருந்தால் முடியும். படம் பொய் சொல்லாமல் இருக்கலாம், ஆனால் பொய்யர்கள் படம் எடுக்கலாம் என்று 1909-ல் ஓர் உரையில் சொன்னவரும் ஹைன்தான். அவர் மட்டும் வழுக்கவில்லையா? 1913-ல் பல பஞ்சாலைப் பிள்ளைகளின் முகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி ஒரே முகமாக அச்சிட்டுப் பார்த்தார். பிரசாரத்துக்கு ஆகும், சாட்சிக்கு ஆகாது. அந்த முகத்துக்குப் பெயரில்லை, ஊரில்லை.

உங்கள் ‘யாருக்கும் தெரியாமல்’ என்ற பெருமைக்கு வருகிறேன். ஹைனும் வேஷம் போட்டவர்தான்: தீயணைப்பு ஆய்வாளர், பைபிள் விற்பவர், அஞ்சலட்டை வியாபாரி, எந்திரங்களைப் படமெடுக்க வந்தவர். ஆனால் முதலாளிக்குத் தெரியாமல் எடுத்தாரே தவிர, பிள்ளைக்குத் தெரியாமல் எடுக்கவில்லை. பிள்ளை அவரை நேராகப் பார்த்து, பெயர் சொல்லி, வயது சொல்லி நின்றது. நீங்கள் ஒளிந்துகொண்டது முதலாளியிடமிருந்தா, தறி ஓட்டுகிறவரிடமிருந்தா?

இயல்பாக எடுத்த படம்தான் உண்மை என்பது காமிரா வேகமான பிறகு வந்த நம்பிக்கை. 1857 டிசம்பரில் கிளம்பி ஸ்ரீரங்கம், மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றிய சென்னை மாகாண அரசுப் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மெழுகிட்ட காகித நெகட்டிவுக்கு வெளிச்சம் நீண்ட நேரம் வேண்டும். நடமாடும் ஆள் அதில் பதிய மாட்டார். அவர் படத்துப் பிராகாரங்கள் ஆளரவமற்றுத் தெரிவதை வைத்து ‘அன்று கோயிலுக்குக் கூட்டமே வராது’ என்று முடிவுகட்டக் கூடாது. வானத்து மேகமோ, டிரைப் நெகட்டிவில் வண்ணம் பூசி வரவழைத்தது. ஆனால் தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டை 21 அச்சுகளாக எடுத்து ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு அவர் செய்த படம் அசல் ஆவணம். மேகத்தை நம்பாதீர்கள், கல்லெழுத்தை நம்புங்கள். ஒரே ஆளின் வேலையிலேயே இந்தப் பிரிப்பைச் செய்ய வேண்டியிருக்கிறது.

படத்தை மக்களிடம் கொண்டுபோனது அச்சு. 1888-ல் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் ரீஸின் படங்கள் படங்களாக வரவில்லை. ஓவியர் பார்த்து வரைந்த கோட்டோவியங்களாகத்தான் வந்தன. ‘ஓவியர் கூட்டி வரைந்திருப்பார்’ என்று சொல்லிவிடலாம். படத்தைச் சல்லடைத் திரை வழியே புள்ளிகளாக உடைக்கும் ஹாஃப்டோன் அந்த வாயை அடைத்தது. ரீஸின் 1890-ஆம் ஆண்டுப் புத்தகத்தில் ஹாஃப்டோன் படங்கள் வந்தன, அச்சு சுமார்தான். செய்தித்தாளுக்குத் திரையில் அங்குலத்துக்கு 65 கோடு, வழவழப்பான தாளுக்கு 133 கோடு என்பது பின்னாளில் அச்சகங்களில் புழங்கிய கணக்கு. மட்டமான தாளில் நெருக்கமான திரை போட்டால் மை ஊறிப் புள்ளிகள் ஒட்டிக்கொள்ளும், முகம் கரிக்கட்டையாகும்.

சட்டம் படத்தின் வேகத்தில் வரவில்லை. அமெரிக்காவில் 1916-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 1918-ல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது; நிலைத்த சட்டம் 1938-ல்தான். ஹைனின் 5,000-க்கும் மேற்பட்ட படங்கள் இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் குறிப்புகளோடு இருக்கின்றன. ஊர், ஆலை, தேதி என்று தேடி எடுக்கலாம்.

உங்கள் 600 படங்களில் எதையாவது அப்படித் தேட முடியுமா? முடியாதென்றால் மறுபடி போங்கள், இந்த முறை கேட்டுக்கொண்டு. கூடம் முழுதும் ஒன்று, ஆள் தறியோடு ஒன்று, கைவேலை நெருக்கத்தில் ஒன்று என எடுங்கள். அளவு தெரிய ஓர் அளவுகோலையோ தீப்பெட்டியையோ ஓரமாக வையுங்கள். நம் மின்சாரத்தில் டியூப்லைட் நொடிக்கு 100 முறை மினுங்கும். ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் நிறுத்தாவிட்டால் படத்தில் பட்டை பட்டையாக விழும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியைச் சேமிக்காதீர்கள். படத்தோடு இருக்கும் தேதி, இட விவரத்தை அது உதிர்த்துவிடும், அளவையும் சுருக்கிவிடும். தறி எந்த வகை (நாடா தறியா, ராப்பியரா), ஷிஃப்ட் எத்தனை மணி நேரம், மீட்டருக்கு என்ன கூலி, ஆளின் பெயரை வெளியிட அவருக்குச் சம்மதமா என்று அன்றைக்கே எழுதுங்கள். அச்சுப்படத்தின் பின்னால் எழுதுவதானால் மென்மையான பென்சில். பால்பாயின்ட் பேனா முன்பக்கத்தில் தடம் பதிக்கும்.

அதற்குமுன் ஒரு வேலை. அந்த 600-ல் எத்தனை படங்களுக்கு ஆளின் பெயரும் தேதியும் சேர்த்துச் சொல்ல முடியும் என்று எண்ணி, அந்த எண்ணை மட்டும் எனக்கு எழுதுங்கள்.